சுரங்கப் பாதை லாஹௌலுக்கு, ஸ்பிதிக்கு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் இமாச்சலக் கட்டுரையை விரும்பிப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் அடல் சுரங்கப் பாதை வந்ததும் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டம் முழுவதற்கும் வருடம் பூராவும் வழி பிறந்துவிட்டது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியல்ல. அந்த மாவட்டத்தின் இரு பள்ளத்தாக்குகளில் வழி பிறந்தது லாஹௌலுக்கு மட்டும்தான். அங்கும்கூடப் பனிச்சரிவு விழுந்தால் சாலை நாள்கணக்கில் அடைபட்டுக் கிடக்கும்.

2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அந்த 9 கி.மீ. சுரங்கம், மணாலிக்கும் லாஹௌலுக்கும் நடுவே நிற்கும் ரோஹ்தாங் கணவாயைத் தவிர்க்கிறது. லாஹௌலுக்கும் ஸ்பிதிக்கும் நடுவே இன்னொரு கணவாய் இருக்கிறது. அது குன்சும், சுமார் 4,550 மீட்டர் உயரம், ரோஹ்தாங்கைவிட 500 மீட்டருக்கு மேல் அதிகம். அதன் அடியில் சுரங்கம் ஏதும் இல்லை. குளிர்காலம் முழுக்கப் பனி மூடிவிடும். கோடையில் அந்த வழியாகப் போனேன். பதால் தாண்டி மேலே ஏறியதும் ஓட்டுநர் யாரையும் கேட்காமல் வண்டியை உச்சியிலுள்ள தேவி கோயிலைச் சுற்றி ஓட்டிவிட்டுத்தான் ஸ்பிதியின் லோசர் பக்கம் இறங்கினார். அங்கே அதுதான் வழக்கம். அந்தச் சாலையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்.

இரண்டும் வேறு வேறு பக்கம் பார்த்த நிலங்கள் என்பதை ஆறுகளே சொல்லிவிடுகின்றன. லாஹௌலின் சந்திராவும் பாகாவும் தாண்டி என்ற இடத்தில் கூடி, செனாப் ஆகி வடமேற்கே போகின்றன. ஸ்பிதி ஆறோ தென்கிழக்கே ஓடி, பக்கத்து மாவட்டமான கின்னௌரில் காப் என்ற இடத்தில் சட்லஜில் விழுகிறது. ஸ்பிதியின் இயற்கையான வாசல் கின்னௌர். இன்றைக்கும் ஜனவரியில் ஸ்பிதியின் தலைமையூரான காஜாவுக்குப் போக வேண்டுமென்றால் சிம்லா, ராம்பூர், ரெக்காங் பியோ, சும்டோ வழிதான். கோடையில் காஜாவிலிருந்து மாவட்டத் தலைநகர் கேலாங்குக்குச் சுமார் 190 கி.மீ. குளிர்காலத்தில் சாலை மார்க்கமாகப் போவதென்றால் மாவட்டத்தை விட்டே வெளியேறி, 600 கி.மீ.க்கும் மேல் சுற்றி, அதே மாவட்டத்துக்குள் திரும்ப நுழைய வேண்டும்!

அப்படியானால் இவ்விரண்டையும் யார் முடிச்சுப் போட்டது? 1846-ல் ஜம்முவின் குலாப் சிங்குக்கு மலைநாட்டை விற்ற அமிர்தசரஸ் உடன்படிக்கையிலேயே "லாஹௌல் நீங்கலாக" என்று எழுதி அதைக் கும்பினி (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) தன் கையில் வைத்துக்கொண்டது. ஸ்பிதி லடாக்கைச் சேர்ந்தது. திபெத்தின் மேய்ச்சல் நிலங்களிலிருந்து வரும் பஷ்மினா கம்பளி, குலாப் சிங்கின் சுங்கச்சாவடியைத் தொடாமல் ஆங்கிலேயர் பக்கம் வர ஒரு வழி வேண்டியிருந்தது. அதற்காக வேறு நிலத்தைக் கொடுத்து ஸ்பிதியை வாங்கினார்கள். முதல் சில ஆண்டுகள் அங்கே வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்தவர் பக்கத்து புஷாஹர் சமஸ்தானத்தின் வசீர், அதாவது அமைச்சர். கின்னௌர் பக்கத்து ஆள். பிறகுதான் ஸ்பிதியைக் கணவாய்க்கு அப்பால், மணாலிப் பக்கமிருந்த குல்லுவோடு சேர்த்தார்கள். குல்லுவிலிருந்து அதிகாரி அடிக்கடி வர முடியாதென்பது அவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. 1873-ல் தனி ஒழுங்குமுறைச் சட்டமே போட்டு, கொலை தவிர்த்த குற்ற வழக்குகளை நோனோ எனப்படும் பரம்பரைத் தலைவரிடம் விட்டுவிட்டார்கள்.

திபெத் எல்லையில் பதற்றம் ஏறிய காலத்தில், 1960-ல், பஞ்சாப் அரசு இரண்டையும் சேர்த்துத் தனி மாவட்டமாக்கியது. 1966 நவம்பர் 1-ல் அது இமாச்சலத்துக்கு வந்தது. மாநிலப் பரப்பில் கால் பங்கு நிலம். 2011 கணக்குப்படி மக்கள் 31,564 பேர். ஸ்பிதியில் ஏறக்குறைய 12,000 பேர்தான். ஸ்பிதியைத் தனி மாவட்டமாக்க வேண்டும் என்பேன். இவ்வளவு சிறிய மக்கள்தொகைக்குத் தனி மாவட்டம் கேட்பது பேராசை என்று சிலர் சொல்லலாம். காஜாவில் கூடுதல் துணை ஆணையர் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறாரே என்றும் சொல்வார்கள். அப்படி ஒருவரைத் தனியே வைக்க வேண்டியிருப்பதே கேலாங்கிலிருந்து காஜாவை ஆள முடியாது என்பதற்குச் சாட்சி என்பது என் கட்சி.

கட்டுரையோடு வந்த வரைபடத்தில் சுரங்கத்திலிருந்து காஜா வரை ஒரே சிவப்புக் கோட்டை இழுத்து "ஆண்டு முழுவதும்" என்று போட்டிருக்கிறீர்கள். அதை நம்பி யாராவது டிசம்பர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு மணாலி போய் நிற்கப்போகிறார்கள். அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
கும்பகோணம்