பக்கத்துக் கூடாரத்து அக்காவுக்கு நன்றி

உங்கள் பெயர் தெரியாது அக்கா, அதனால் பொதுவிலேயே நன்றி சொல்லிவிடுகிறேன். குடும்பத்தோடு கேம்பிங் என்றதும் முனகிக்கொண்டே கிளம்பியவள் நான். போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் காற்று கிளம்பி, எங்கள் கூடாரம் ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது. கூப்பிடாமலே சுத்தியலோடு வந்தீர்கள்.

முளையின் தலை கூடாரத்தை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்படி, ஏறக்குறைய 45 டிகிரியில் அடித்தால் கயிறு இழுத்தாலும் லேசில் பிடுங்காது என்று சொல்லி, என் மகளையே அடிக்க வைத்தீர்கள். அவளுக்கு அதில் அப்படி ஒரு பெருமை! மேல்விரிப்பு உள்துணியில் ஒட்டாதபடி இழுத்துக் கட்டினீர்கள். குளிருக்குப் பயந்து காற்றுத் திறப்பை மூடப் போனேன். நம் மூச்சின் ஈரமே விடியற்காலையில் உள்ளே சொட்டும் என்று தடுத்தீர்கள். அப்புறம், "போர்வையை எல்லாம் மேலே போர்த்தாதே, பாதியைக் கீழே விரிம்மா. சூட்டை உறிஞ்சுறது தரைதான்." அதனால்தான் அன்று தூங்கினேன். (என் கணவரின் குறட்டைக்குத்தான் நீங்களும் வழி சொல்லவில்லை.)

காலையில் உங்களைத் தேடி வந்தால் இடம் காலி. மகள் இப்போதே அடுத்த பயணத்துக்குத் தேதி பார்க்கிறாள். நான் இன்னும் சரி சொல்லவில்லை, யோசிக்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.