என் வீட்டுக்காரரை மீட்டுத் தந்த எல்லோருக்கும், அப்புறம் வுட்ரோ லாயிடுக்கும்

அன்புள்ள உறவுகளே, நண்பர்களே,

அவர் பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வாசல் வரைக்கும் மெதுவாக நடக்கிறார், பத்தியச் சாப்பாட்டுக்கு முகம் சுளிக்கிறார், அதனால் தேறிக்கொண்டிருக்கிறார் என்று நம்புகிறேன். ஒவ்வொருவருக்கும் போன் செய்து நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். பேச ஆரம்பித்தாலே தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதனால்தான் இந்த மடல்.

நாங்கள் இருப்பது கனடாவின் சஸ்காட்சவன் மாகாணத்தில், பிக்கர் என்ற சின்ன ஊரில். சஸ்கடூன் நகரத்துக்குப் போக ஒரு மணி நேரம் ஆகும், குளிர்காலத்தில் அதற்கும் மேலே. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்த அந்த இரவில் கதவைத் தட்டியதும் ஓடி வந்த பக்கத்து வீட்டுப் பாட்டி, ஆம்புலன்சில் வந்த இரண்டு இளைஞர்கள், உள்ளூர் மருத்துவமனைச் செவிலியர்கள், சஸ்கடூனில் அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர்கள், இவர்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் தனியாகக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பள்ளிக்கு அனுப்பிய சஸ்கடூன் அக்காவுக்கும் அண்ணனுக்கும், ரசத்தையும் இட்லியையும் ஹாட்பேக்கில் போட்டு அந்தப் பனியிலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த தம்பிகளுக்கும் நன்றி என்ற ஒரு வார்த்தை எந்த மூலைக்கும் போதாது. தெரிந்தேதான் சொல்கிறேன்.

இன்னொருவர் இருக்கிறார். அவர் 1972லேயே இறந்துபோனார். அவருக்கும் இங்கே எழுதாவிட்டால் இந்த மடல் பாதிதான்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது கவுன்டரில் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டேன். ஒன்றுமில்லை, கிளம்பலாம் என்றார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் அட்வான்ஸ் கட்டினால்தான் ஸ்ட்ரெச்சர் நகரும், அப்பாவின் வைத்தியத்துக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனதைப் பார்த்து வளர்ந்தவள் நான். காரில் வரும்போது இதைச் சொல்லி அழுதேன். ஓட்டிக்கொண்டு வந்த பாட்டிதான், "அதற்கு நீ எங்கள் ஊர் ஹெட்மாஸ்டருக்கு நன்றி சொல்ல வேண்டும்" என்று ஆரம்பித்தார்.

அந்த ஹெட்மாஸ்டர்தான் வுட்ரோ லாயிட். 1913இல் இதே மாகாணத்தில் பிறந்தவர், ஆசிரியர், ஆசிரியர் சங்கத் தலைவர். பிக்கரில் பள்ளி முதல்வராக இருந்தபோது 1944 தேர்தலில் சி.சி.எஃப். என்ற சோஷலிசக் கட்சி சார்பில் நின்று எம்.எல்.ஏ. ஆனார். டாமி டக்ளஸ் மாகாண முதலமைச்சர், லாயிட் முப்பதே வயதில் கல்வி அமைச்சர். இந்தத் தொகுதியில் 1971 வரைக்கும் அவர் தோற்கவே இல்லை.

கல்வித் துறையில் அவர் செய்ததைக் கேட்டாலே ஆளைப் புரிந்துகொள்ளலாம். அப்போது மாகாணம் முழுக்க ஆயிரக்கணக்கான குட்டிப் பள்ளி வட்டங்கள், பெரும்பாலும் ஒரே அறை, ஒரே ஆசிரியர். 1930களின் பஞ்சத்தில் சம்பளத்துக்குப் பதில் கடன் சீட்டு வாங்கிக்கொண்டு பாடம் நடத்திய ஆசிரியர்கள் உண்டு. இவற்றை இணைத்துப் பெரிய வட்டங்களாக்கினால்தான் ஏழைக் கிராமத்துப் பிள்ளைக்கும் நல்ல பள்ளி கிடைக்கும் என்பதில் லாயிட் உறுதியாக இருந்தார். எங்கள் பள்ளியைப் பிடுங்குகிறார்கள் என்று பல இடங்களில் எதிர்ப்பு. ஆனாலும் விடாமல் செய்து முடித்தார். 1960 வரை கல்வி அமைச்சர், பிறகு நிதி அமைச்சர்.

உலகம் டாமி டக்ளஸைத்தான் கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியவர்தான். 1947இல் ஆளுக்கு ஆண்டுக்கு 5 டாலர் சந்தாவில் எல்லோருக்கும் ஆஸ்பத்திரிச் செலவை மாகாணமே ஏற்கும் திட்டத்தைத் தொடங்கியது அவர் அரசு. மருத்துவர் கட்டணத்தையும் சேர்க்க வேண்டும் என்று அறிவித்ததும் அவர்தான். ஆனால் 1961இல் அவர் தேசியக் கட்சியின் தலைமைக்குப் போய்விட்டார். அந்த நவம்பரில் லாயிட் முதலமைச்சர், அதே மாதத்தில் சட்டமும் நிறைவேறியது. அடி முழுக்க இவர் முதுகில்தான் விழுந்தது.

1962 ஜூலை 1 அன்று திட்டம் அமலுக்கு வந்தது, அதை எதிர்த்து அன்றே பெரும்பாலான மருத்துவர்கள் கிளினிக்கை மூடிவிட்டார்கள். சில ஆஸ்பத்திரிகளில் மட்டும் அவசரச் சிகிச்சை. பாட்டிக்கு அப்போது பள்ளி வயது. ஊரில் பேச்சுவார்த்தை முறிந்த குடும்பங்கள் இருந்தன, சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்காராதவர்கள் இருந்தார்கள் என்கிறார். டாக்டர் ஊரை விட்டே போய்விடுவாரோ என்ற பயம் எந்த அம்மாவுக்குத்தான் இருக்காது? திட்டத்தை எதிர்த்து ஜூலை 11 அன்று மாகாணத் தலைநகர் ரெஜைனாவில் சட்டமன்றத்தின் முன் பேரணி நடந்தது. பல்லாயிரம் பேர் வருவார்கள் என்றார்கள், வந்தது ஏறக்குறைய 4,000 பேர்தான். லாயிட் யாரையும் ஏசவில்லை, சட்டத்தைத் திரும்பப் பெறவும் இல்லை. பிரிட்டனிலிருந்து மருத்துவர்களை வரவழைத்தார். அங்கிருந்து வந்த டெய்லர் பிரபு என்ற மருத்துவர் இரண்டு பக்கமும் நடந்து நடந்து சமரசம் பேசினார். 23 நாளில், சஸ்கடூனில் ஒப்பந்தம். மருத்துவர்கள் அரசு ஊழியர்கள் ஆக வேண்டியதில்லை, தங்கள் விருப்பப்படி தொழில் செய்யலாம், கட்டணம் மட்டும் பொதுக் காசிலிருந்து வரும். விட்டுக்கொடுக்க வேண்டியதை விட்டுக்கொடுத்தார், ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே கார்டு என்பதை மட்டும் விடவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

1964 தேர்தலில் அவர் கட்சி ஆட்சியை இழந்தது. வாக்கு விழுக்காட்டில் மயிரிழை வித்தியாசம், இடங்களில் தோல்வி. ஆனால் புதிதாக வந்த லிபரல் அரசால் அந்தத் திட்டத்தை ஒழிக்க முடியவில்லை, அதற்குள் மக்கள் அதைத் தங்களுடையது என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 1966இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது, சில ஆண்டுகளில் கனடா முழுக்க வந்துவிட்டது. லாயிட் 1970 வரை எதிர்க்கட்சித் தலைவர். பிறகு ஐ.நா. வளர்ச்சித் திட்டப் பணிக்காகத் தென்கொரியா போனவர், அங்கே சியோலில் இறந்தார். அறுபது வயது கூட ஆகவில்லை.

வுட்ரோ லாயிட் ஐயா, உங்கள் தொகுதியில் எங்கிருந்தோ வந்து குடியேறிய ஒரு குடும்பம் வீட்டையும் நகையையும் விற்காமல் உயிரோடு இருக்கிறது. நன்றி.

கடைசியாகப் பண விஷயம். அறுவைச் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் ஆகும் என்று பயந்து நண்பர்கள் நீங்கள் வசூலித்து அனுப்பியது அப்படியே இருக்கிறது. ஆம்புலன்சுக்கு மட்டும் தனியாக பில் வந்தது, மாத்திரைகளுக்கும் கொஞ்சம் செலவு, இரண்டையும் எங்கள் கையிலிருந்தே கட்டிவிட்டோம். இந்தத் திட்டம் இங்கே குடியிருப்பவர்களுக்குத்தான், விசிட்டர் விசாவில் வரும் அப்பா அம்மாவுக்கு ஹெல்த் கார்டு கிடையாது. அவர்களில் யாருக்காவது அவசரம் வந்தால் கொடுக்க இந்தப் பணத்தை வைத்திருக்கலாமா? வேண்டாம், திருப்பித் தாருங்கள் என்பவர்கள் இந்த வாரத்துக்குள் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், உடனே அனுப்பிவிடுகிறேன்.