தணலை அறைக்குள் வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊட்டியில் புல்வெளி வெள்ளையாகிவிட்டால் போதும், உங்கள் நாளிதழில் படம் வந்துவிடும். தலைக்குந்தாவில் கார் கண்ணாடிப் பனியைச் சுரண்டிப் பெயர் எழுதும் பிள்ளைகள் பார்க்க அழகாகத்தான் இருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்துக் கிளம்பி வருகிறவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் கேரட் போடுகிறவன். வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறேன். போன ஜனவரியில் கீழ்நாட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, எட்டு வயதுப் பெண். இரவு ஒன்பதுக்கே மூவருக்கும் பல் கிட்டியது. "கொஞ்சம் நெருப்பு கிடைக்குமாண்ணே?" என்றார் அவர். குமுட்டி அடுப்பில் கரியை மூட்டி, புகை அடங்கி நன்றாகச் சிவந்ததும் நானே உள்ளே கொண்டுபோய் வைத்தேன். புகைதான் இல்லையே, அப்புறம் என்ன பயம்? அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். ஆனால் அப்பா காலத்து வீட்டில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் சந்து இருந்தது. இந்த அறைகளிலோ குளிர் வரக் கூடாதென்று ஜன்னல் இடுக்கில்கூட ரப்பர் ஒட்டியிருந்தேன்.

உறைபனி விழுந்தால் வெயில் ஏறுமுன் பயிர்மேல் தண்ணீர் தெளிக்க வேண்டும். அதற்காக நாலரைக்கு எழுந்தபோது அந்த அறையில் யாரோ வாந்தி எடுக்கும் சத்தம். தட்டினேன். கதவைத் திறந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மலைப்பாதை ஒத்துக்கல போல, தலை வெடிக்குது" என்றார். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வருகிறவர்கள் வழக்கமாகச் சொல்வதுதான். சுக்குக் காப்பி போட நானும் திரும்பிவிட்டேன். "பாப்பா எழுந்திருக்க மாட்டேங்குறா" என்று அந்த அம்மா கத்தியதும்தான் ஓடிப்போய்க் குழந்தையை வெளியே தூக்கி வந்தேன். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். மத்தியானம் அவள் பிஸ்கட் கேட்டாள்.

அது கார்பன் மோனாக்சைடு என்றார் டாக்டர். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்ளுமாம். புகை அடங்கிய தணலும் அதைக் கக்கிக்கொண்டுதான் இருக்கும். தூங்குகிறவருக்கு மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. இது புரியாமல்தான் பார்பிக்யூ அடுப்பை ராத்திரி கூடாரத்துக்குள் இழுத்து வைத்துக்கொள்கிறார்கள். குளிருக்கென்று குடித்துவிட்டுப் படுப்பவர் பாடு இன்னும் மோசம். உடம்பு சூடான மாதிரி தோன்றும், ஆனால் உள்ளே இருக்கும் சூடு தோல் வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும்.

2024 மே முதல் வெளியூர் வண்டிகள் ஊட்டிக்கு வர இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, வேண்டும். வண்டி எண், எத்தனை பேர், எங்கே தங்கல் என்றெல்லாம் கேட்கும் அந்த இணையப் பக்கத்தில், 'மூடிய அறையிலும் கூடாரத்திலும் கரி நெருப்பு வைக்காதீர்' என்று ஒரு வரி சேர்த்தால் அரசுக்குச் செலவே இல்லை. பிளாஸ்டிக் பாட்டில் பார்க்கும் சோதனைச் சாவடியிலும் ஒரு பலகை வைக்கலாம்.

இப்போது நான் ஆளுக்கு ஒரு கம்பளி கூடுதலாகவும், ரப்பர் பையில் வெந்நீரும் கொடுக்கிறேன். நெருப்பு வேண்டுமென்றால் முற்றத்தில்தான். சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒருவர் 'அறையில் கணப்பு வசதி இல்லை' என்று இணையத்தில் இரண்டு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார். போடட்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி, உதகமண்டலம்.