ஒரு மாதக் குறுந்தொகை

சென்னை
ஆவணித் தொடக்கம்

அன்புள்ள தேன்மொழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சேலத்தில் வீடு அமைந்துவிட்டது, அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. இங்கே பகலெல்லாம் புழுக்கம், ராத்திரியானால் மழை. தேர்வுக்குப் பிறகு கிடைத்த ஒரு மாதத்தைக் குறுந்தொகைக்கே கொடுத்துவிட்டேன். நீயும் அதே போல ஒரு மாதத்தில் 401 பாட்டையும் முடிக்கலாமா என்று கேட்டிருந்தாய்.

முடிக்கலாம். ஒரு நாளைக்கு 14 பாட்டு என்று வைத்தால் கணக்குச் சரியாக வரும். ஆனால் அப்படிப் படிக்க வேண்டாம். 4 அடியிலிருந்து 8 அடிக்குள் அடங்கும் பாட்டுகள் அவை. 307-ம் 391-ம் மட்டும் 9 அடி. தலைவி, தோழி, மலை, அருவி, மாலைப்பொழுது எல்லாம் திரும்பத் திரும்ப வரும். ஒரே மூச்சில் பத்தைத் தாண்டினால் எது எந்தப் பாட்டு என்றே நினைவில் நிற்காது. நாளைக்கு 4 போதும்: 3 புதியவை, 1 போன வாரம் படித்தது. அந்தப் பழைய பாட்டை விட்டுவிடாதே. இரண்டாம் முறை படிக்கும்போதுதான் பாட்டு நம்முடையதாகிறது.

எந்தப் பதிப்பு என்று கேட்டாயே, உ.வே.சாமிநாதையரின் 1937 பதிப்பைத்தான் சொல்வேன். அதற்கு முன்பே 1915-இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் உரையோடு அச்சிட்டிருக்கிறார்; அந்த உழைப்பையும் மறக்கக் கூடாது. ஆனால் ஐயர் பதிப்பில் ஒவ்வொரு பாட்டின் கீழும் உள்ள அடுக்கைப் பார்: பதவுரை, முடிபு, கருத்து, விசேடவுரை, மேற்கோளாட்சி, ஒப்புமைப் பகுதி. இதில் மாணவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போவது முடிபு. ஒரே வரிதான் இருக்கும். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு போய் முடிகிறது என்பதை மட்டும் அது சொல்லும். என்னைக் கேட்டால், அந்த மொத்தப் பக்கத்தில் விலைமதிப்பற்றது அந்த ஒரு வரிதான்.

ஆகவே இப்படிச் செய். பாட்டுக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் ஒரு தாளால் மூடிவிடு. மேலே இருக்கும் கூற்றுக் குறிப்பையும், அதாவது யார் யாரிடம் சொல்வது என்ற குறிப்பையும், மூடு. பாட்டை வாய்விட்டு இரண்டு முறை படி. கண்ணால் மட்டும் படித்தால் சேர்ந்து நிற்கும் சொற்கள் பிரியாது. பிறகு கடைசி அடிக்குப் போ. குறுந்தொகைப் பாட்டுகளின் யாப்பான அகவற்பாவில் வினைமுற்றும் எழுவாயும் பெரும்பாலும் கடைசியில்தான் காத்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கி ஏறி, உன் முடிபை நோட்டில் ஒரு வரியாக எழுது. அதற்குப் பிறகு தாளை நகர்த்தி ஐயரின் முடிபோடு ஒப்பிடு. இரண்டும் எங்கே வேறுபடுகிறதோ, அன்றைக்குப் பாடம் அங்கேதான் இருக்கிறது. பதவுரை அதற்கடுத்து. அகராதி எல்லாவற்றுக்கும் பிறகு. முதலிலேயே எடுத்தால் ஒரு சொல்லுக்கு எட்டுப் பொருள் பார்த்துக் குழம்பிப் போவாய்.

கூர்ந்து பார்க்க 167-ஐ எடுத்துக்கொள். கூடலூர் கிழார் பாடிய முல்லைப் பாட்டு, 6 அடி.

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇ

இரண்டாம் அடியைத் தனியாகப் படித்தால் முட்டும். கழுவிய துணியைக் கழுவாமல் உடுத்தாள் என்றால் என்ன பொருள்? அடி முடிகிற இடத்தில் தொடரும் முடிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வதால் வருகிற சிக்கல் இது. மேலடியின் 'மெல்விரல்' கீழே இறங்கிக் 'கழுவுறு' என்பதோடு சேர வேண்டும். கட்டித் தயிரைப் பிசைந்த விரலைத் துடைத்துக்கொண்ட சேலை, அதைத் துவைக்காமல் அப்படியே உடுத்தியிருக்கிறாள். கழாஅது என்பதில் உள்ள அளபெடை, அதாவது நீட்டி ஒலிக்கும் எழுத்து, ஓசையை நிறைக்க வந்தது; உடீஇ என்பதில் உள்ளது சொல்லை வினையெச்சமாக்க வந்தது. இது தெரிந்தால் கழுவாமல், உடுத்து என்று தெளிவாகிவிடும். அடுத்து, தாளிக்கிற புகை கண்ணில் படிய, அவளே துழாவிச் சமைத்த புளிப்புக் குழம்பு. கணவன் சொல்வது 'இனிது' என்ற ஒரே சொல். அவள் முகம் 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று'.

மகிழ்ந்தன்று என்றால் மகிழவில்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். மகிழ்ந்தது என்பதுதான் பொருள். இறந்தகால வினையில் 'அன்று' என்ற இந்த ஈறு குறுந்தொகை முழுக்க வரும். ஒருமுறை மனத்தில் ஏற்றிக்கொண்டால் பல பாட்டுகள் தலைகீழாகாமல் தப்பும்.

இவ்வளவும் பார்த்த பிறகு கூற்றைத் திற. மகளின் புது வீட்டுக்குப் போய்வந்த செவிலித்தாய், அதாவது வளர்த்தவள், பெற்றவளான நற்றாயிடம் சொல்வது அது. அப்போதுதான் அந்த அழுக்குச் சேலை ஏன் பாட்டில் இருக்கிறது என்பது விளங்கும். வீட்டில் வேலை செய்யாமல் வளர்ந்த பெண், இப்போது சேலையைப் பார்க்கக்கூட நேரமில்லாமல் அடுப்படியில் நிற்கிறாள். வளர்த்தவள் கண்ணுக்குத்தான் அது தெரியும். கூற்றை முதலிலேயே படித்திருந்தால் இந்தக் கண்டுபிடிப்பு உனக்கு மிஞ்சியிருக்காது. அந்தக் குறிப்புகள் பாட்டின் பகுதியும் அல்ல, பின்னால் வகுத்துச் சேர்த்தவை. மதிப்போம், ஆனால் கடைசியில் படிப்போம்.

வரிசை எண்ணைப் பற்றி ஒன்று. அகநானூற்றில் எண்ணைப் பார்த்தே திணையைச் சொல்லிவிடலாம்: ஒற்றைப்படை பாலை, 2-லும் 8-லும் முடிவது குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10 நெய்தல். குறுந்தொகையில் அந்த ஒழுங்கு இல்லை. எண் வரிசையில் போனால் மலையிலிருந்து கடலுக்கும் கடலிலிருந்து வயலுக்கும் தாவிக்கொண்டே இருக்க நேரும். வாரத்துக்கு ஒரு திணை என்று பிரித்துக்கொள். பாலையை மட்டும் குறிஞ்சியும் முல்லையும் பழகிய பிறகு வைத்துக்கொள். ஒரே புலவரைத் தொடர்ந்து படிக்க ஆசை வந்தால் 1940-இல் வந்த சைவ சித்தாந்த மகா சமாஜப் பதிப்பு உதவும். வையாபுரிப்பிள்ளை அதில் பாட்டுகளைப் புலவர் வாரியாக அடுக்கியிருக்கிறார்.

நெய்தல் வாரத்தைச் சென்னையில் படிப்பது ஒரு கொடுப்பினை. 243-ஆம் பாட்டில் 'மான்அடி அன்ன கவட்டிலை அடும்பின்' என்று வருகிறது. நீலாங்கரைப் பக்கம் மணல்மேடு மிச்சமிருக்கும் இடங்களில் அடும்புக்கொடி படர்ந்திருக்கும். ஓர் இலையைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பார்: நுனி நடுவில் பிளந்து, இரண்டு மடலாக, மான் குளம்பு பதிந்த தடம் மாதிரியே இருக்கும். பூ ஊதா நிறம், வாய் அகன்ற மணி வடிவம். பாட்டில் அடுத்த அடியே அதைக் குதிரைக் கழுத்து மணிக்கு ஒப்பிடுகிறது. பார்த்த பிறகு அந்த உவமைக்கு உரையே வேண்டாம். சேலத்தில் உனக்குக் கடல் இல்லை, ஏற்காடு இருக்கிறது. காந்தள் பூத்திருக்கிறதா என்று பார். விரல் என்று ஏன் பாடினார்கள் என்பது தெரியும்.

நீ சென்னைக்கு வரும்போது அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போவோம். தமிழ் இலக்கியம் நூலக வகைப்பாட்டில் 894.811 என்ற எண்ணின் கீழ் இருக்கும், தேடி அலைய வேண்டாம். பழைய பதிப்புகளுக்குக் கன்னிமாரா நூலகமே சரி. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இணையத்திலேயே தேடக் கிடைக்கிறது, அதைச் சேலத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

முதல் பாட்டாக 54-ஐ எடு. 5 அடிதான், மீனெறி தூண்டிலார் பாடியது. அதில் எழுவாய் இரண்டு. ஒன்று இங்கே இருக்கிறது, இன்னொன்று எங்கேயோ போய்விட்டது. கடைசிச் சொல் 'ஒழிந்தன்றே', ஈற்றைக் கவனி. உன் முடிபை ஒரு வரியில் எழுதி அடுத்த கடிதத்தில் அனுப்பு, தாளை நகர்த்துவதற்கு முன்னால். என்னுடையதை நானும் எழுதி வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்குச் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. அவர்களுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
மலர்விழி