மாசி மகத்துக்கு அம்மன் வரும் கடல் இது

ஐயா, வணக்கம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து எண்ணூர் முகத்துவாரம் பூராவும் படிந்ததே, அப்போது காட்டுக்குப்பத்தில் எங்கள் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். மீனவர்கள் குவளையும் பக்கெட்டும் வைத்துக்கொண்டு கையாலேயே எண்ணெயை அள்ளிக் கொண்டிருந்தார்கள். எங்கள் மாமா மண்ணெண்ணெய் போட்டு மூன்று தடவை துடைத்தும் விரல் இடுக்கில் இருந்த கறுப்பு போகவில்லை, அந்தக் கையோடுதான் சாப்பிட உட்கார்ந்தார்.

அடுத்த மாசி மகத்துக்கு எங்கள் தெரு அம்மன் தீர்த்தவாரிக்கு அதே கடலுக்குத்தான் வந்தாள். மேளம், கற்பூரம், எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. ஆனால் அவள் முழுகுகிற தண்ணீர் இப்படி ஆகிவிட்டதே என்று மைக்கில் ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

நம் மதங்கள் இதைச் சொல்லாமலா விட்டன? போப் பிரான்சிஸ் 2015-இல் பூமியை நம் பொது வீடு என்று சொல்லி ஒரு சுற்றுமடலே எழுதினார். அதே வருஷம் ஆகஸ்டில் இஸ்லாமிய அறிஞர்கள் இஸ்தான்புல்லில் கூடி, நிலக்கரி, எண்ணெயை எரிப்பதைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லி அறிக்கை விட்டார்கள். ஓடுகிற ஆற்றின் கரையில் ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்பது நபிமொழி என்று எங்கள் பக்கத்து வீட்டு பாய் அடிக்கடி சொல்வார். திருவொற்றியூரில் சுந்தரர் தாம் மணக்கவிருந்த சங்கிலியாருக்குப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்ததே மகிழ மரத்தடியில்தான், இன்றைக்கும் அந்த மரத்தைச் சுற்றி வந்து கும்பிடுகிறோம். நிலக்கரியை எரிக்கிற அனல்மின் நிலையங்களும் அவற்றின் சாம்பல் குளங்களும் நம் எண்ணூர்ப் பக்கம்தானே இருக்கின்றன, அப்புறம் இதெல்லாம் யாருக்கோ சொன்னது என்று எப்படி இருக்க முடியும்?

அன்னதானத்தில் பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம் என்கிறார்கள், சரி, நல்லதுதான். அதோடு நின்றுவிடக் கூடாது. காசிமேடு முதல் எண்ணூர் வரை உள்ள கோயில் நிர்வாகிகள், பங்குத்தந்தையர், ஜமாஅத்தார் எல்லோரும் சேர்ந்து, முகத்துவாரத்தில் எண்ணெயும் சாம்பலும் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டு கலெக்டரிடம் கொடுக்க வேண்டும், அதுவும் வருகிற மாசி மகத்துக்கு முன்னால். மனுவை நான் எழுதித் தருகிறேன், வீடு வீடாகக் கையெழுத்து வாங்கவும் வருகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தண்டையார்பேட்டை