டெய்சியைக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்

அன்பு மகன் கதிருக்கு,

அம்மா எழுதுவது. 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலை வைத்து வகுப்பில் விவாதம் நடத்தப் போவதாகவும், "டெய்சி நல்லவளா, கெட்டவளா" என்பதுதான் தலைப்பு என்றும் சொன்னாய். முதலில் அந்தத் தலைப்பை மாற்று. அப்படிக் கேட்டால் பாதிப் பேர் "எனக்கு அவளைப் பிடிக்கவே இல்லை" என்பார்கள், மீதிப் பேர் "பாவம்" என்பார்கள். அதற்கு மேல் ஒருவரும் புத்தகத்தைத் திறக்க மாட்டார்கள். பிடிக்கவில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு எதிர்வாதம் ஏது? குற்றச்சாட்டாக எழுதிக் கொடு. எப்போது, எங்கே, என்ன செய்தாள் என்று இருக்கட்டும்.

மூன்று குற்றச்சாட்டு போதும். 1919இல் காதலன் கேட்ஸ்பிக்காகக் காத்திருக்காமல் பணக்கார டாமை மணந்தாள். 1922 கோடையில் நியூயார்க்கின் பிளாசா ஓட்டலில் வைத்து, டாமை விட்டு வரத் துணியவில்லை. அன்று மாலையே காரோட்டி வந்து டாமின் கள்ளக்காதலி மிர்ட்டில் மேல் ஏற்றினாள், பிறகு வாயே திறக்கவில்லை. ஒவ்வொன்றையும் தனியாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போ. கலந்து பேசவிட்டால் மூன்றாவதில் வருகிற கோபத்தில் முதல் இரண்டுக்கும் சேர்த்துத் தண்டனை கொடுத்துவிடுவார்கள்.

விசாரணைக்கு முன் சாட்சியைப் பார்க்க வேண்டும். கதை முழுவதும் நிக் சொல்வது. அவன் டெய்சிக்குத் தூரத்து உறவு, கேட்ஸ்பிக்குப் பக்கத்து வீடு. 1, 4, 7, 8, 9 அத்தியாயங்களில் டெய்சி வருகிற பக்கங்களை மட்டும் அச்செடுத்துக் கொடு. அமெரிக்காவில் 2021 ஜனவரி 1 முதல் இந்த நாவலுக்குக் காப்புரிமை இல்லை, தயங்க வேண்டாம். ஆளுக்கு மூன்று நிறப் பென்சில். டெய்சி தன் வாயால் சொன்னதற்கு ஒரு நிறம், நிக் கண்ணால் பார்த்ததற்கு ஒன்று, அடுத்தவர் சொல்லி அவன் கேட்டதற்கும் அவனாக ஊகித்ததற்கும் ஒன்று. கோடு போட்டு முடித்ததும் தாளைத் தூக்கிப் பார்க்கச் சொல். 1917இல் லூயிவில் ஊரில் நடந்த காதல் டெய்சியின் தோழி ஜோர்டன் சொல்லியும் கேட்ஸ்பி சொல்லியும்தான் நமக்குத் தெரியும், டெய்சி அதைத் தன் பங்குக்கு ஒரு முறைகூட விவரிப்பதில்லை. விபத்தைப் பற்றியும் அப்படித்தான், அவள் சொன்னதாக ஒரு வரி கிடையாது.

முதல் குற்றச்சாட்டில் நேரத்தைக் கொட்டாதே, அது நிற்காது. 1917இல் அவளுக்கு வயது 18. தானும் அவளைப் போல வசதியான வீட்டுப் பிள்ளை என்று கேட்ஸ்பி வேண்டுமென்றே நம்பவிட்டிருந்தான், 8-ஆம் அத்தியாயத்தில் இது தெளிவாக இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் போன அவன் போர் முடிந்தும் வரவில்லை, ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏன் வர முடியாது என்று கேட்டு அவள் தவிப்போடு கடிதம் எழுதியிருக்கிறாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் டாம் கொடுத்த முத்துமாலையின் விலை 350,000 டாலர். இதை எடுத்து நீட்டி "காசுக்கு விலைபோனாள்" என்று யாராவது சொல்வார்கள். அதே மாலையை அன்று அவள் குப்பைக்கூடையில் போட்டதும், குடித்துவிட்டு ஒரு கடிதத்தைக் கையில் இறுக்கிக்கொண்டு, குளிக்கும் தொட்டிக்குள்ளும் அதை விடாமல் வைத்திருந்ததும், தண்ணீரில் அது பனிபோலக் கரைந்து உதிர்கிறபோதுதான் சோப்புத் தட்டில் வைக்க விட்டதும் அதே பக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வாசிக்கச் சொல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "பணக்காரப் பெண்கள் ஏழைப் பையன்களைக் கட்டிக்கொள்ள மாட்டார்கள்" என்று டெய்சி சொன்னதாக யாராவது கட்டாயம் எடுத்துவிடுவார்கள். நாவலில் அந்த வசனம் கிடையாது. 1974இல் வந்த படத்தில் சேர்த்தது. பக்க எண் சொல்லாத எந்த மேற்கோளையும் ஏற்காதே.

இரண்டாவதில் சட்டமும் வரும். "அந்தக் காலத்தில் பெண்ணால் விவாகரத்து வாங்கியிருக்க முடியுமா" என்று கேட்பார்கள். நியூயார்க் சட்டத்தில் அப்போது விவாகரத்துக்கு இருந்த ஒரே காரணம் கணவனோ மனைவியோ தகாத உறவு வைத்திருப்பது. டாம் விஷயத்தில் அது இருந்ததே! ஆகவே வழியே இல்லை என்ற வாதம் செல்லாது. டெய்சி கத்தோலிக்கப் பெண், அதனால் டாமை விடமாட்டாள் என்று மிர்ட்டிலின் தங்கை சொல்வதும் பொய், அந்த இடத்திலேயே நிக் மறுக்கிறான். எதிர்ப்பக்கத்தில் வைக்க வேண்டியவையும் இருக்கின்றன. முதல் அத்தியாயத்திலேயே அவள் சுண்டுவிரல் மூட்டு கன்றிக் கறுத்திருக்கிறது, டாமின் கைவேலை. ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. அந்தக் குழந்தையை நேரில் பார்க்கும்வரை கேட்ஸ்பி அதை நிஜம் என்றே நம்பியிருக்கமாட்டான் என்று நிக்குக்குத் தோன்றுகிறது.

பிளாசாவில் கேட்ஸ்பி அவளிடம் கேட்டது என்ன என்பதைக் கரும்பலகையில் எழுதிப்போடு. என்னோடு வா என்பதோடு அவன் நிற்கவில்லை. டாமை ஒருநாளும் காதலிக்கவே இல்லை என்று டாமின் முகத்துக்கு நேரே சொல்லச் சொன்னான். அவளும் மனமில்லாமல் சொல்லிவிட்டாள். ஹவாயில் அவள் செருப்பு நனையாமல் தூக்கி வந்த நாளை டாம் நினைவுபடுத்தியதும் அவளால் அதற்கு மேல் முடியவில்லை. நடுங்குகிற கையால் சிகரெட் பற்றவைக்கப் பார்த்து, எரிகிற தீக்குச்சியோடு சேர்த்துக் கம்பளத்தில் எறிகிறாள். ஒரு காலத்தில் டாமையும் காதலித்தேன், உன்னையும்தான் காதலித்தேன் என்கிறாள். என்னைக் கேட்டால் அந்த அறையில் இருந்தவர்களில் அந்த நேரத்தில் உண்மை பேசியவள் அவள் ஒருத்திதான். கோழை என்று அவளை அழைப்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகட்டும்.

பாதி நேரத்தையாவது மூன்றாவதற்கு வை. விபத்து நடந்த விதத்தைப் படமாக வரை. கேட்ஸ்பியின் மஞ்சள் கார் நகரத்திலிருந்து திரும்புகிறது. மதியம் நகரத்துக்குப் போகும்போது அதை டாம் ஓட்டி வந்து மிர்ட்டிலின் கணவன் வில்சனின் கராஜில் நிறுத்தியிருந்தான், அதனால் அவன்தான் வருகிறான் என்று நினைத்து மிர்ட்டில் சாலைக்கு ஓடி வருகிறாள். எதிரே இன்னொரு கார். டெய்சி முதலில் அவளைத் தவிர்த்து எதிர்க்கார் பக்கம் ஒடிக்கிறாள், உடனே தைரியம் போய் மறுபடி இந்தப் பக்கம் ஒடிக்கிறாள். கேட்ஸ்பியின் கை ஸ்டீயரிங்கை எட்டிய அதே நொடியில் இடித்துவிட்டது. அவளால் நிறுத்த முடியாமல் போக, அவன்தான் எமர்ஜென்சி பிரேக்கை இழுக்கிறான். அவள் அவன் மடியில் சாய்கிறாள். அதன்பின் அங்கிருந்து காரை ஓட்டிப் போனவன் கேட்ஸ்பி. இதை முக்கால்வாசிப் பேர் கவனிப்பதில்லை. விட்டுவிட்டு ஓடிய பழியில் அவனுக்கும் பங்கு உண்டு. இவ்வளவையும் நமக்குச் சொல்பவனும் அவனே, அவளைக் காப்பாற்றத் துடிப்பவன். அந்த நிறப் பென்சில் இங்கே தேவைப்படும்.

அன்று இரவு சமையலறை மேஜையில் டாமும் டெய்சியும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஆறிப்போன பொரித்த கோழி, இரண்டு பாட்டில் பியர், யாரும் தொடவில்லை. அவன் கை அவள் கைமேல் இருக்கிறது. அவன் பேசப் பேச அவள் அவ்வப்போது தலையாட்டுகிறாள். இருவரும் சேர்ந்து சதி செய்வதுபோல இருந்தது என்கிறான் நிக். அவன் பார்த்தது ஜன்னல் திரைக்கு அடியில் கிடைத்த சந்து வழியாக, ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. சதி என்பது அவன் ஊகம். தலையாட்டியது மட்டும்தான் சாட்சியம்.

இப்போது கடைசி அத்தியாயத்துக்குப் போ. அக்டோபர் மாதக் கடைசியில் நிக் தெருவில் டாமைச் சந்திக்கிறான். மிர்ட்டிலைக் கேட்ஸ்பி நாயை ஏற்றுவதுபோல ஏற்றிவிட்டு நிறுத்தாமல் போனான் என்கிறான் டாம். அவன் அதை நம்பித்தான் சொல்கிறான் என்றே தோன்றுகிறது. அப்படியானால் மாதங்கள் ஆகியும் டெய்சி தன் கணவனிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. மஞ்சள் கார் யாருடையது என்று வில்சனுக்குச் சொன்னவன் டாம், வில்சன் துப்பாக்கியோடு போய்க் கேட்ஸ்பியை அவன் நீச்சல் குளத்திலேயே சுட்டுக் கொன்றான். அந்தச் சமையலறையில் அவள் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் டாமின் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்திருக்குமா? இதுதான் உன் விவாதத்தின் மையக் கேள்வி. எனக்கு அவள்மேல் ஆறாத கோபம் வருவது இங்கேதான். ஸ்டீயரிங்கை ஒடித்தது ஒரு நொடி. வாய் திறக்காமல் இருந்தது அத்தனை நாள்.

அவள் தரப்புக்காரர்களை நீ கைவிடக் கூடாது. கேட்ஸ்பி இறந்த மதியத்தில் அவர்கள் முன்கூட்டியே பெட்டியோடு கிளம்பிவிட்டார்கள், விலாசம் இல்லை. கிளம்பும்போது அவன் சாகப்போவது அவளுக்குத் தெரியும் என்பதற்கு நாவலில் எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் அதன்பிறகும் ஒரு தகவலோ ஒரு பூவோ வரவில்லை. அதை நிக் மனக்கசப்பு இல்லாமல்தான் நினைத்துப் பார்க்கிறான். அந்த வரியை அவள் தரப்பில் பேசுபவரையே உரக்க வாசிக்கச் சொல்.

"டெய்சி ஒரு குறியீடு, அமெரிக்கக் கனவு" என்று ஒருவர் ஆரம்பித்தால், எந்தக் குற்றச்சாட்டுக்கு அது பதில் என்று கேள். டாம் அவளைவிட மோசம் என்று நழுவினால், டாமின் வழக்கு அடுத்த வாரம் என்று சொல். 90 நிமிடத்தில் கோடு போட 15, முதல் குற்றச்சாட்டுக்கு 10, இரண்டாவதற்கு 20, மூன்றாவதற்கு 45. ஓட்டு எடுப்பதானால் மூன்றுக்கும் தனித்தனிச் சீட்டு கொடு. எண்ணிக்கை எப்படி வந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா