புகார்: எஃப் 60 கருப்பு சிலிக்கான் கார்பைடு – சான்றிதழ் ஒன்று, மூட்டையில் இருப்பது வேறு

அனுப்புநர்:
பொறுப்பாளர், மேற்பரப்புத் தயாரிப்புப் பிரிவு

பெறுநர்:
தரக் கட்டுப்பாட்டு மேலாளர், பிளாஸ்டிங் கிரிட் பிரிவு

பொருள்: கருப்பு சிலிக்கான் கார்பைடு எஃப் 60, 25 கிலோ மூட்டைகள் – இரும்புக் கலப்பும் அளவுப் பிழையும், மாற்றுச் சரக்கு கோருதல்.

ஐயா / அம்மையீர்,

தங்களிடமிருந்து கடைசியாக வந்த லாட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கேட்டு இக்கடிதத்தை எழுதுகிறோம். மூட்டையோடு வந்த சான்றிதழில் கிரிட் அளவு எஃப் 60, காந்தத்தில் ஒட்டும் பொருள் 0.03% என்று இருக்கிறது. பிரிக்காத மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்ததில் இரண்டுமே பொய்த்துவிட்டன.

முதலில் இரும்பு. 316 எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகளைப் பிளாஸ்ட் செய்ய, அதாவது அழுத்தக் காற்றோடு கிரிட் மணிகளைப் பீய்ச்சிப் பரப்பைச் சொரசொரப்பாக்க, ஸ்டீல் கிரிட்டையோ தாமிரக் கசடையோ விட்டுவிட்டு விலை கூடிய சிலிக்கான் கார்பைடை வாங்குவதற்கு முக்கியக் காரணமே அதில் இரும்பு இருக்கக் கூடாது என்பதுதான். 500 கிராம் கிரிட்டை மெல்லிய அடுக்காகப் பரப்பி, பிளாஸ்டிக் உறை சுற்றிய நியோடிமியம் காந்தத்தை அதன் மேல் பலமுறை ஓட்டி, ஒட்டியதை எடை போட்டோம். 1.9 கிராம், அதாவது 0.38%. உலையிலேயே உண்டாகும் ஃபெரோசிலிக்கான் ஒட்டிய மணிகளும் காந்தத்துக்கு வரும் என்பது தெரியும். அதனால் ஒட்டியதைத் தண்ணீரில் அலசி 30 மடங்கு லென்ஸில் பார்த்தோம். பாதிக்கு மேல் சுருண்ட, பளபளக்கும் எஃகுச் சீவல்கள். தாமிர சல்ஃபேட் கரைசல் ஒரு சொட்டு விட்டதும் அவை செம்பு நிறமாயின; இரும்பு என்பதற்கு அது அடையாளம். இது உலையில் வந்த கலப்பு அல்ல, நொறுக்கும் இயந்திரத்தில் வந்தது.

மோஸ் அளவில் 9-ஐத் தாண்டும் பொருளை எஃகுத் தாடையிலும் உருளையிலும் போட்டு நொறுக்கினால் எஃகு தேயத்தான் செய்யும். தேய்ந்த எஃகை எடுக்கத்தான் காந்தப் பிரிப்பானும் அமிலக் கழுவலும். பெல்ட்டில் சரக்கு தடிமனாக ஓடினால் அடியில் கிடக்கும் சீவல் காந்தத்துக்கு எட்டாது. தங்கள் ஆலையில் நடந்தது இதுவா, அமிலக் கழுவலையே இந்த லாட்டுக்குத் தவிர்த்துவிட்டார்களா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

விளைவு என்ன என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் தங்கள் விற்பனைப் பிரிவு "லேசான கறைதான், துடைத்தால் போய்விடும்" என்று பதில் அனுப்பியிருப்பதால் எழுத வேண்டியிருக்கிறது. பிளாஸ்ட் செய்யும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மேலிருக்கும் குரோமியம் ஆக்சைடு படலம் உரிந்துபோகும். பரப்பு சுத்தமாக இருந்தால் காற்றுப் பட்டதும் படலம் தானாகவே மறுபடி உருவாகும். இரும்புச் சீவல் அறைந்து உட்கார்ந்த இடத்தில் அப்படி நடக்காது. ஈரம் பட்டால் அந்த இடம் துருப்பிடிக்கும், துருவுக்கு அடியில் குழி விழத் தொடங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைச் சுத்தம் செய்வதற்கான தரநிலையான ஏஎஸ்டிஎம் ஏ380 சொல்கிறபடி 250 மில்லி தண்ணீர், 1 மில்லி சல்ஃப்யூரிக் அமிலம், 4 கிராம் தாமிர சல்ஃபேட் சேர்த்த கரைசலால் தகடுகளை 6 நிமிடம் ஈரமாகவே வைத்துப் பார்த்தோம். தகடு முழுக்கச் செம்புப் புள்ளிகள். இது துடைத்துப் போகிற கறை இல்லை.

அடுத்தது அளவு. மூட்டை மேல் வெறும் "60" என்று அச்சாகியிருக்கிறது. சான்றிதழின் முதல் பக்கத்தில் எஃப் 60, இரண்டாம் பக்கத்தில் பி 60. எஃப் வரிசை அரவைக் கல்லுக்கும் பிளாஸ்டிங்குக்கும், பி வரிசை உப்புத்தாளுக்கு. எண் ஒன்றானாலும் இரண்டின் சல்லடை வரம்புகள் வேறு. மூட்டை வண்டியில் குலுங்கி வரும்போது பொடி கீழே இறங்கிவிடும், மேலிருந்து ஒரு கரண்டி அள்ளினால் உண்மை தெரியாது. எனவே மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்து, மாதிரிப் பிரிப்பானில் 100 கிராமாகக் குறைத்து, சல்லடை அதிர்வு இயந்திரத்தில் 5 நிமிடம் ஓட்டினோம்.

எஃப் 60 என்றால் 425 மைக்ரான் சல்லடையில் ஒன்றும் நிற்கக் கூடாது; 4% நின்றது. 300-ல் 30% வரை நிற்கலாம். 21% நின்றது, அதில் குறையில்லை. 250-ல் குறைந்தது 40% நிற்க வேண்டும், நின்றது 27%. 250-ம் 212-ம் சேர்ந்து 65% வர வேண்டிய இடத்தில் 48%தான் வந்தது. 180 மைக்ரானைக் கடந்து போவது 3%-க்கு மேல் இருக்கக் கூடாது, 14% போனது. இத்தனை பொடி பி 60-லும் வராது. ஆகவே "அச்சுப் பிழை, சரக்கு பி வரிசை" என்ற விளக்கமும் பொருந்தாது.

இரண்டு முனையும் இரண்டு விதமாகக் கெடுக்கின்றன. பெரிய மணி 4%தான் என்றாலும், ஒவ்வொன்றும் மற்றவற்றைவிட ஆழமான குழியைப் போட்டு, அதன் ஓரத்தில் உயரமான மேட்டை எழுப்புகிறது. மேலே வரும் பூச்சு அந்த மேட்டின் உச்சியை மூடாமல் விட்டால் அங்கிருந்துதான் அரிப்பு தொடங்கும். பொடியோ எடை இல்லாததால் வெட்டுவதில்லை. தூசியாகி, பார்வையை மறைத்து, வடிகட்டியை அடைத்து, மீதி பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. 3 பார் அழுத்தத்தில் எங்களுக்கு வேண்டியது 25 முதல் 40 மைக்ரான் மேடுபள்ளம். மேடுபள்ளத்தை அச்செடுத்து அளக்கும் ரெப்ளிகா டேப்பில் ஒரே தகட்டில் 18-ம் வந்தது, 61-ம் வந்தது. சராசரி எடுத்தால் அழகாக வரம்புக்குள் விழும். அந்தச் சராசரியை நம்பிப் பூச்சு அடித்தால் உரிந்து வரும்.

இன்னொன்று, தளர் அடர்த்தி, அதாவது அழுத்தாமல் கொட்டிய கிரிட்டின் அடர்த்தி. இதே அளவில் தங்களின் முந்தைய லாட் ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.44 கிராம் இருந்தது, இது 1.29. லென்ஸில் நீளமான, தட்டையான மணிகள் நிறையத் தெரிகின்றன. இவை பிளாஸ்ட் செய்யும் கேபினட்டில் ஒரு சுற்று ஓடியதுமே ஒடிந்து பொடியாகிவிடுகின்றன. தூசியைப் பிரிக்கும் சைக்ளோன் அவற்றை வெளியே தள்ளிவிடுவதால், பலமுறை சுற்ற வேண்டிய கிரிட் சீக்கிரமே தீர்ந்துபோகிறது. அழுத்தத்தை 5 பாருக்கு ஏற்றிப் பார்க்கச் சொன்ன தங்கள் ஆலோசனையை ஏற்க முடியாது. சிலிக்கான் கார்பைடு கடினமானது, ஆனால் நொறுங்கும் தன்மை உடையது. அழுத்தம் கூடினால் மணி இன்னும் வேகமாக உடையும், எஃகுச் சீவல் இன்னும் ஆழமாகப் பதியும்.

குறை எங்கள் பக்கம் இருக்குமோ என்ற கேள்வி வரும் என்பதால் இவற்றையும் சொல்லிவிடுகிறோம். கிரிட்டைப் பீய்ச்சும் நாசில் போரான் கார்பைடால் ஆனது. துளை 8 மில்லிமீட்டரிலிருந்து 8.2-க்குத்தான் தேய்ந்திருக்கிறது. கிரிட்டை அடைத்துவிட்டு வெறுங்காற்றை வெள்ளை ஒற்றுத்தாளில் 1 நிமிடம் பிடித்துப் பார்த்தோம். எண்ணெயும் இல்லை, ஈரமும் இல்லை. கேபினட்டின் உட்புறம் முழுக்க ரப்பர், கார்பன் ஸ்டீல் வேலை எதுவும் அதில் நடப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, காந்தச் சோதனையும் சல்லடைச் சோதனையும் எங்கள் இயந்திரத்தைத் தொடாத கிரிட்டில் செய்தவை. கரையும் உப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை: கிரிட்டும் அயனி நீக்கிய நீரும் சம கன அளவில் கலந்து வடித்த நீரின் மின்கடத்தல், தாங்கள் எழுதியிருப்பதைவிடக் குறைவாகவே வந்தது.

பாதிக்கப்பட்ட தகடுகள் 1.5 மில்லிமீட்டர் தடிமன். நல்ல கிரிட்டால் மறுபடி பிளாஸ்ட் செய்யலாம் என்றால், ஒரு பக்க அழுத்தத் தகைவு கூடி மெல்லிய தகடு வளைந்துவிடும். ஆகவே பதிந்த இரும்பைக் கரைக்க 20 முதல் 45% நைட்ரிக் அமிலத்தில் அறை வெப்பநிலையில் குறைந்தது 30 நிமிடம் வைத்து, நன்றாகக் கழுவி, தாமிர சல்ஃபேட் சோதனையை மறுபடி செய்வதுதான் வழி. சொரசொரப்பான பரப்பில் அமிலம் தங்கும் என்பதால் கழுவலுக்கே அதிக நேரம் பிடிக்கும். குழி ஆழமாக விழுந்த தகடுகளுக்கு இதுவும் உதவாது, அவற்றை ஒதுக்கத்தான் வேண்டும்.

எனவே கோருவது: பிரித்ததும் பிரிக்காததுமான எல்லா மூட்டைகளையும் தங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, வேறு லாட்டிலிருந்து எஃப் 60 அனுப்ப வேண்டும். அமிலக் கழுவல் செலவையும் ஒதுக்கிய தகடுகளின் விலையையும் தாங்கள் ஏற்க வேண்டும். புதிய லாட்டின் சான்றிதழில் "எஃப் 60, தேர்ச்சி" என்ற ஒற்றை வரி போதாது. கிரிட் அளவுக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 8486-இன்படி ஐந்து சல்லடையின் எண்களும், காந்தப் பொருள் அளவும், தளர் அடர்த்தியும் அந்த லாட்டையே சோதித்து எழுதப்பட்டிருக்க வேண்டும். மூட்டையில் "60" என்பதற்கு முன் எஃப் என்ற எழுத்தும் இருக்கட்டும்.

இருவர் முன்னிலையில் மாதிரி எடுக்க விரும்பினால் பிரிக்காத மூட்டைகளை அப்படியே வைத்திருக்கிறோம். காந்தத்தில் ஒட்டிய துகள்களையும், சோதனை செய்த ஒரு தகட்டுத் துண்டையும், சல்லடை எண்களையும் இத்துடன் இணைத்துள்ளோம். எழுத்து மூலம் பதில் வரும்வரை இந்த லாட்டுக்கான தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது.

இப்படிக்கு,
பொறுப்பாளர்,
மேற்பரப்புத் தயாரிப்புப் பிரிவு